சவ வண்டிக்குள் ஒரு விசில்

ஹாரோ சந்தைக்குப் பின்னால் கார்களுக்கும் ஜீப்னி என்கிற மினி பஸ்களுக்கும் ஆம்ப்ளிஃபயர் மாட்டித் தருகிற செவேரோவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் எந்த டிரைவரிடம் அவர் பெயரைச் சொன்னாலும், ஆள் முதலில் தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அப்பேர்ப்பட்ட காது! பாட்டு ஓடும்போதே வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, "இடது கதவுல ஒரு ஸ்க்ரூ லூசு" என்பார். கழற்றிப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது.

தொழிலில் மட்டும் குறை சொல்ல முடியாது. "ஆம்ப்ளிஃபயர்ல அந்தத் திருக முழுசாத் திருப்பி விடுங்க மனோங்" என்று எவனாவது கேட்டால் போதும் (அங்கே மனோங் என்றால் அண்ணன், மனாங் என்றால் அக்கா), அண்ணன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். "டேய், அது வால்யூம் இல்லடா. பாட்டு உள்ள வர்றப்ப ரொம்ப மெலிசா வருது. பேட்டரி குடுக்கிறது பன்னெண்டு வோல்ட்டு. ஆம்ப்ளிஃபயர் அதை உள்ள ஏத்தி, அந்த பலத்த வச்சு, மெலிசா வந்ததையே அச்சு மாறாம பெருசாப் பண்ணித் தருது. வர்றது எவ்வளவு மெலிசுன்னு அதுக்குச் சொல்றதுதான் இந்தத் திருகு. பேராசைப்பட்டுத் திருப்பினியோ, சத்த அலையோட தலை தட்டையா வெட்டுப்படும். ஸ்பீக்கர் கருகும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

எர்த் ஒயர் விஷயத்தில் இன்னும் கறார். வண்டி உடம்பின் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் மாட்ட வேண்டும். பேட்டரி ஒயரும் பாட்டு வருகிற ஒயரும் ஒரே பக்கமாகப் போகக் கூடாது. இதில் எது பிசகினாலும், பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்நேட்டரின் இரைச்சல் பாட்டுக்குள் புகுந்துகொண்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'உய்ய்ங்' என்று விசிலாக ஏறும். "ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு எது, குப்பை எதுன்னு தெரியாது. ரெண்டையும் பெருசாக்கித் தந்துரும்" என்பார். அந்த விசிலைக் கண்டுபிடிப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து அவரைத் தேடி வருவார்கள்.

லியோனிசா வந்தது வேறு காரியமாக. நகரத்தின் இன்னொரு மூலையான மோலோவில் சின்னதாக ஈமச்சடங்கு நிலையம் வைத்திருக்கிற அம்மா, சவ வண்டியைத் தானே ஓட்டுவாள். கல்லறைக்கு ஊர்வலம் நடந்து போகும்போது இறந்தவருக்குப் பிடித்த பாட்டு முன்னால் போகிற வண்டியில் ஒலிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாவு ஊர்வலமே இல்லை. செவேரோ சவப்பெட்டி வைக்கிற பலகைக்கு அடியில் புது ஆம்ப்ளிஃபயர் மாட்டி அனுப்பினார். ஒரே வாரத்தில் அந்தம்மா திரும்பி வந்தாள். மறுபடி வந்தாள். மூன்றாவது தடவையும் வந்து நின்றாள்.

"விசில் அடிக்குது, மனோங்."

கடை பெஞ்சில் அன்றைக்கு ஏழெட்டு ஜீப்னி டிரைவர்கள் காபியில் ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். செவேரோ வண்டியில் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஒன்றுமே இல்லை. இறங்கினார்.

"பால் மாதிரி சுத்தமா இருக்கு, மனாங். வில்மார், என்னடா சொல்ற? சுத்தந்தானே?"

பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்கிற வில்மார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, "சுத்தந்தான் மனோங்" என்றான்.

"எனக்குக் கேக்குதே" என்றாள் லியோனிசா.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா? "மனாங், பொணத்தோடவே பழகிப் பழகி உங்க காதுக்குள்ள ஆவி பூந்துருச்சு. அதுதான் விசிலடிக்குது. எங்கிட்ட வராதீங்க, பாதிரியாருகிட்டப் போங்க!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஒருத்தனுக்குக் காபி புரையேறியது. லியோனிசாவின் முகம் காதுவரை சிவந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவேரோ அந்த நகைச்சுவையை அன்று சாயங்காலம் வீட்டிலும் ஒரு முறை சொன்னார். அவர் மனைவி நியேவெஸ் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு எவாரிஸ்தோ செத்துப்போனார். முப்பது வருஷம் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தியவர். ஊர்வலத்தில் அவரே பாடிய பாட்டைப் போட வேண்டும் என்று அவர் மனைவி பழைய பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள். வண்டி, லியோனிசாவின் வண்டி. செவேரோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் நடந்தார். எவாரிஸ்தோவின் குரல் கணீரென்று வந்தது. 'என் கைவேலை' என்று அவருக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. சாவு வீட்டில் என்ன பூரிப்பு வேண்டிக் கிடக்கிறது!

மேடு வந்தது. லியோனிசா ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். முன்வரிசையில் நடந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். எவாரிஸ்தோவின் மனைவி தடுமாறி ஓடிப்போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"நிறுத்திரும்மா. அவர் குரல் மேல அந்தச் சத்தத்தைக் கேக்க முடியல. பாட்டே வேணாம், நிறுத்திரு."

பாட்டு நின்றது. கல்லறை வரைக்கும் செருப்புச் சத்தம்தான்.

"எந்தச் சத்தம்?" என்று செவேரோ மனைவியிடம் கிசுகிசுத்தார்.

நியேவெஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நெஜமாவே கேக்கலையா உங்களுக்கு? வீட்டுல அடுப்புல கெட்டில் விசிலடிச்சு அடிச்சுத் தண்ணி வத்துது, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. சொன்னா எரிஞ்சு விழறீங்க. ஒரு வருஷமாச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையை விட்டு, காது கிழிகிற சத்தத்தைச் சோதித்த காது. கீச்சென்ற மெல்லிய சத்தமெல்லாம் சொல்லிக்கொள்ளாமல் கழன்றுவிட்டிருந்தது.

மறுநாள் கடையைத் திறந்ததும் வில்மாரைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சா?"

வில்மார் தலையைக் குனிந்தான். "கேட்டுச்சு."

"பெஞ்சுல இருந்தவனுங்களுக்கு?"

"எல்லாருக்குந்தான்."

"அப்புறம் ஏண்டா சுத்தம்னு சொன்ன?"

"நீங்க கேட்ட கேள்விக்கு வேற பதில் சொல்ல இடம் இருந்துச்சா மனோங்?" என்றான் வில்மார். அப்புறம் மெதுவாக, "மத்த வண்டியெல்லாம் நீங்க சாப்பிடப் போறப்ப நான் எர்த்த மாத்திப் போட்டுருவேன். உங்க பேரு கெடக் கூடாதுல்ல. இந்த ஒண்ணுக்குத்தான் நேரம் கிடைக்கல. அந்தம்மா மூணு தடவையும் வண்டிய விட்டு நகரல, உடனே எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றான்.

செவேரோவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு வருஷம்! ஊரே சேர்ந்து தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

மோலோவுக்குப் போனார். லியோனிசா சவப்பெட்டிக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். "தப்பு என் மேலதான். வண்டியை இங்கயே சரி பண்ணித் தந்துட்டுப் போறேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் காது டாக்டர்கிட்டப் போனேன், தெரியுமா?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதும் எனக்கே என் காது மேல சந்தேகம் வந்துருச்சு. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லியும் தீரல. எவாரிஸ்தோ வீட்டம்மா கண்ணாடியத் தட்டினப்பதான் என் காது நல்ல காதுன்னு தெரிஞ்சது. அந்த வீட்டுல நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேக்கிறது?"

செவேரோ கொண்டுவந்த கருவிப் பையைத் திறக்கப் போனார்.

"இங்க வேணாம்" என்றாள். "உங்க கடைக்கே கொண்டாறேன்."

கொண்டுவந்தாள். அதே பெஞ்சு, அதே காபி, அதே டிரைவர்கள். செவேரோ பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த வண்டியில விசில் இருக்கு. மனாங் சொன்னது சரி. எனக்குத்தான் காது போச்சு."

ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஒருவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தான்.

பலகையைத் தூக்கிப் பார்த்தால், விசில் கேட்கவில்லையே என்ற தைரியத்தில், சுரண்டாமல் எர்த் ஒயரைப் பெயிண்ட் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார். யாருக்கு வகுப்பெடுத்தாரோ அவர்கள் முன்னாலேயே அதைக் கழற்றினார். உப்புத்தாளால் தேய்த்தார். பாட்டு ஒயரை உருவி மறுபக்கமாகப் போட்டார். லியோனிசா ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

"போயிருச்சு மனோங்!" என்றது பெஞ்சு, ஒரே குரலில்.

"சுத்தமாப் போயிருச்சு" என்றான் வில்மார்.

செவேரோ அவர்கள் முகங்களைப் பார்த்தார். அத்தனை முகத்திலும் பரிதாபம். இந்த ஒரு வருஷமும் இதே முகத்தோடுதான் 'சுத்தம்' என்று சொல்லியிருப்பார்கள். அவர் வண்டியின் ஜன்னலுக்குப் போனார்.

"மனாங், நீங்க சொல்லுங்க."

லியோனிசா இன்னொரு தடவை மிதித்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இல்ல. மெலிசா இன்னும் இருக்கு."

செவேரோ உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, மறுபடியும் பலகைக்கு அடியில் தலையை நுழைத்தார்.