ஐந்து குடத்துக்கு மேல் தராத பிலோமினா அக்கா

பெருங்குடி அலுவலகத்தில் இருந்தபோது அம்மா தொலைபேசியில் அழைத்தாள். பிலோமினா அக்கா மாரடைப்பில் போய்விட்டார். புயல் கடந்து இரண்டாம் நாள். சாந்தோமில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றதால், உடலைத் தோளில் தூக்கி நடந்தே தேவாலயத்துக்குக் கொண்டு போனார்கள். குழாயில் மட்டும் அன்றும் தண்ணீர் வரவில்லை.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் ரவிக்கை தைத்துத் தந்தவர். எங்கள் தெருவுக்கோ, ஏரிகளெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில் தண்ணீர் லாரியின் பைப்பைப் பிடித்து நின்றவர். மூன்று நாளுக்கு ஒரு லாரி. முதல் வாரத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததில் ஒரு கர்ப்பிணி மிதிபட்டாள். அதன் பிறகு, யாரையும் கேட்காமல், அவர் பைப்பைக் கையில் எடுத்தார். "ஃபாதரே வந்தாலும் வூட்டுக்கு அஞ்சு கொடந்தான்" என்பார். முந்துபவர்களை முழங்கையால் இடிப்பார். சொந்தத் தம்பியின் குடத்தையே ஒருமுறை உதைத்து உருட்டினார்.

என் அப்பா அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவர் துணிகளை அலசவே ஐந்து குடம் போதாது. மாடிவீட்டுக்காரர்களுக்கு என்று சொல்லி அம்மா ஆறாவது குடத்தை வைத்தாள்.

"அவங்க ஊருக்குப் போய்க்கீறாங்க சரசு. எடு" என்றார் அக்கா.

அம்மா எடுக்கவில்லை. "உன் வூட்டுல ஒருத்தர் பீயிலயே கெடந்தா தெரியும்" என்றாள்.

அக்காவின் கணவர் அப்படிக் கிடந்துதான் முந்தைய ஆண்டு இறந்திருந்தார். அது அம்மாவுக்கும் தெரியும்.

பைப்பின் பித்தளை முனை அம்மாவின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்களில் வழிய அவள் சரிந்தாள். நான் அக்காவின் முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, பைப்பை விடாத அவர் விரல் ஒன்றைப் பின்பக்கமாக வளைத்தேன். முறியும் சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் நான் விடவில்லை. எங்கள் தலைக்கு மேல் குடங்கள் நீண்டன. அம்மாவின் வயிற்றை மிதித்து நின்று ஒருத்தி தண்ணீர் பிடித்தாள். குடத்தைப் பார்த்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. எங்கள் மூவரையும் அங்கே கூப்பிட்டார்கள். அடிதடி நடக்கும் தெருவுக்கு லாரி வராது என்று ஓட்டுநர் எச்சரித்திருந்ததால், நெற்றியில் தையலோடு அம்மா, வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

"இன்னா வழுக்கி? நான்தான் சார் அடிச்சேன்" என்றார் அக்கா. "ஆறாவது கொடம் வெச்சா. நாளைக்கு வெச்சாலும் அடிப்பேன்."

வீங்கியிருந்த அவர் கையைக் காட்டி, அது எப்படி ஆனது என்று கேட்டார் எஸ்.ஐ.

எனக்கு அந்த வாரம்தான் வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. ஒரு வழக்கு போதும், அது போய்விட. எனக்கு வேலை வந்திருப்பது தெருவுக்கே தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "பைப்பு முறுக்கிக்கிச்சு சார்."

அம்மா புகார் தரவில்லை. எஸ்.ஐ. இருவரையும் திட்டி அனுப்பிவிட்டார். லாரி வந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர்தான் பைப்பைப் பிடித்தார். எங்களுக்கு ஐந்து குடம். குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. "அக்கா, உங்க கை..." என்று ஆரம்பித்தேன்.

"பின்னால ஆள் நிக்குது பாரு. நகரு."

அந்த விரல் அதன் பிறகு நிமிரவே இல்லை. ஊசி நழுவுகிறது, வயதாகிவிட்டது என்று சொல்லி அவர் துணிகளைத் திருப்பிக் கொடுத்தபோது நீங்கள் நம்பினீர்கள். எனக்காக அவர் சொன்ன பொய்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. அதை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தேன். வயதல்ல. அந்த விரலை ஒடித்தவள் நான்.