மார்லீனின் நான்கு அங்குலம்

மார்லீன் குசேரா சிரித்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை மதியம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்போது அவள் கையில் சங்கிலிக் கம்பு இருக்கும்.

எங்கள் நெப்ராஸ்காவில் ஃபுட்பால் என்றால் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. அந்தப் பத்து கெஜத்தைக் காட்டத்தான் இரண்டு கம்புகளும் நடுவில் ஒரு சங்கிலியும். பின்கம்பு மார்லீனுக்கு, முன்கம்பு வெர்னுக்கு. நான் ராய், கிளிப் போடுகிறவன்; சில தடவை மார்லீனும் போடுவாள். அளப்பதற்காகச் சங்கிலியை மைதானத்துக்குள் தூக்கிப்போகும்போது இடம் மாறிவிடக் கூடாது. அதனால் பக்கத்திலிருக்கும் வெள்ளைக் கோட்டின் பின் ஓரத்துக்கு நேராகச் சங்கிலியில் ஒரு கிளிப்பைக் கவ்வவிட வேண்டும். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். பின் ஓரம்தான் கணக்கு. இதற்குப் பெரிய மூளையெல்லாம் வேண்டாம், நானே பதினேழு வருடம் செய்திருக்கிறேன்.

நாங்கள் மூவரும் உள்ளூர்க்காரர்கள். ஆனால் நிற்பது எதிரணியின் பக்கம். கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது. நான் வாய்க்குள் முணுமுணுப்பேன், வெர்ன் காறித் துப்புவான். மார்லீன் அதுகூடச் செய்ய மாட்டாள்.

வாரநாளில் அவளுக்குத் தானியக் கிடங்கில் வேலை. சோள லாரிகளை எடைமேடையில் ஏற்றி எடை போடுவாள். ஒரு நாள் தடியன் ஒருவன் இறங்காமல் லாரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"எறங்குப்பா."

"குளிருது மார்லீன். என் எடை என்ன பெருசா வந்துடப் போகுது?"

"உன்னை யாரும் விலைக்கு வாங்கல. எறங்கு."

இறங்கினான். எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அவள் மகன் வெஸ்லி எங்கள் ஊர்க் கல்லூரி அணியில் பந்து சுமந்து ஓடுகிறவன், கடைசி வருடம். அந்தப் பருவம் எங்களைப் பிடித்த பீடை. முதல் ஆட்டத்தில் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். மூன்றாவதில் பந்தெறியும் பையனுக்குத் தோள் போயிற்று. ஆறாவதில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பாதிக் கூட்டம் காருக்குப் போன பிறகு தோற்றோம். ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. ஆனாலும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பையன்கள் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். ஒருவன்கூட விலகவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சொந்த மைதானத்தில் ஜெயித்தால், கடைசி வருடத்துப் பையன்கள் வரிசையில் நின்று கல்லூரித் தேவாலயத்தின் மணியை இழுப்பார்கள், ஆளுக்கு ஒரு இழுப்பு. எத்தனை மோசமான அணியும் வருடத்துக்கு ஒரு தடவையாவது இழுத்துவிடும். மணி அடிக்காமல் படிப்பை முடித்த செட் என்று எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. பத்தாவது ஆட்டம்தான் கடைசி வாய்ப்பு.

"அம்மா, இந்தத் தடவை அடிச்சே தீருவோம்" என்று வெஸ்லி அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அடி. கயித்தப் பாத்து இழு, பழசு" என்றாள் அவள். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று மதியம் பனி தூறியது. கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கிக் காட்டினார்கள். ஒன்றரை நிமிடம் பாக்கி. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம், எதிரியின் எல்லைக்குப் பதினொரு கெஜம் இருந்தது. நான்காவது முயற்சியில் வெஸ்லி பந்தை அணைத்துக்கொண்டு மூன்று பேர்மேல் பாய்ந்தான். குவியலைப் பிரித்தபோது பந்து முன்கம்புக்கு நேராகக் கிடப்பதுபோல் தெரிந்தது. அளக்கவேண்டும் என்று நடுவர் கையசைத்தார்.

சங்கிலியைத் தூக்கக் குனிந்தேன். கிளிப் கோட்டின் முன் ஓரத்தில் இருந்தது. விரல் மரத்துப்போய், பனிக்கு நடுவே முதலில் தெரிந்த விளிம்பிலேயே மாட்டியிருக்கிறேன், மடையன். இப்போது நடுவர் கிளிப்பைப் பின் ஓரத்தில் வைப்பார். மொத்தச் சங்கிலியும் நான்கு அங்குலம் பின்னால் வரும். எங்களுக்கு நான்கு அங்குலம் இனாம்.

நிமிர்ந்தேன். மார்லீன் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. பந்து கிடந்த இடம்வரை அப்படியே நடந்தோம்.

சங்கிலியை இழுத்துப் பிடித்தார்கள். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டியிருந்தது, இரண்டு விரல் அகலம். கூட்டம் பொங்கியது. வெஸ்லி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான், பத்து வயதுப் பிள்ளைபோல. நடுவர் கையை உயர்த்தப்போனார்.

"சார், நில்லுங்க" என்றாள் மார்லீன். "கிளிப் முன் ஓரத்துல இருந்துச்சு. நாலு அங்குலம் தப்பு."

நடுவர் அவளையே பார்த்தார். "நிச்சயமா சொல்றீங்களாம்மா?"

"நிச்சயமா."

யார் போட்ட கிளிப் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திருத்தி அளந்தார்கள். பந்து இரண்டு விரல் குறைந்தது. எதிரணிக்குப் போயிற்று. அவர்கள் பந்தோடு ஓடாமல் மூன்று தடவை மண்டியிட்டே மிச்ச நேரத்தைக் கழித்தார்கள். ஆட்டம் முடிந்தது. பத்துக்குப் பத்தும் தோல்வி. மணி அடிக்கவில்லை.

தளவாட அறையில் சங்கிலியின் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"மார்லீன், உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே..."

"ஒரு அடி தாண்டி விழுந்திருந்தா வாயே தெறந்திருக்க மாட்டேன் ராய். நாலு அங்குலம் போனாலும் நமக்குத்தான்னு விட்டிருப்பேன். நடந்து போறப்ப அதத்தான் வேண்டிக்கிட்டே போனேன்." துணியைப் பிழிந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "ரெண்டு விரல்தான் தாண்டுச்சு, என்ன பண்ண."

அவளே சொன்னதால் தப்பும் அவளுடையது என்றே ஊர் முடிவுகட்டிவிட்டது. சிற்றுண்டிக் கடையில் அவள் காதுபடவே வெர்ன் ஆரம்பித்தான். "கிளிப்ப ஒழுங்காப் பாத்துக்க வக்கில்ல. அதப் போய் ஊரறியச் சொல்லவும் செய்யறா. பெத்த புள்ள ஜெயிக்கக் கூடாதுன்னு நெனச்ச தாய இப்பத்தான் பாக்கறேன்." யார் போட்ட கிளிப் என்று அவன் அந்தப் பனியில் குனிந்து பார்க்கவே இல்லை.

"சில்லிக் கொழம்பு ஆறுது வெர்ன், சாப்புடு" என்றாள் மார்லீன். தன் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போனாள். எடைமேடையில் ஓட்டுநர்கள், "எங்களுக்கும் நாலு அங்குலம் கொறச்சுப் போடு" என்று நக்கலடித்தார்கள். "எறங்கு" என்றாள்.

நான் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். தினம் தினம் சொல்லியிருக்கலாம். குளிர்காலம் போயிற்று, விதைப்பு முடிந்தது, சோளம் தலைக்குமேல் வளர்ந்தது. நான் கோழை, வேறென்ன.

ஆகஸ்டில் சங்கிலியைச் சோதிக்கும் நாள் வந்தது. வருடா வருடம் தானியக் கிடங்கின் சிமெண்டுத் தரையில் அதை நீட்டி, இரும்பு நாடாவால் அளந்து சரிபார்ப்போம். வெர்ன் விலகிவிட்டான். கிளிப்பை ஒப்படைத்துவிட்டு நானும் விலகுவது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பின்கம்பை மார்லீன் பிடித்திருந்தாள்; பத்து கெஜம் தள்ளி முன்கம்பைப் பிடித்துக்கொண்டு வெஸ்லி நின்றான். படிப்பு முடிந்து விதைக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

இப்போது விட்டால் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துவிட்டது.

"வெஸ்லி, அன்னைக்குக் கிளிப்பத் தப்பாப் போட்டது நான். உங்கம்மா இல்ல."

"தெரியும்" என்றான்.

"சொல்லிட்டாளா?"

"கேட்டேன், சொல்லல. அம்மா தப்பா இருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க." நாடாவின் முனையைத் தரையில் அழுத்தினான். "நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒம்பது மாசம்."

கிளிப்பை எடுத்து மார்லீனிடம் நீட்டினேன். "வேற யாரையாவது போட்டுக்கோ. இனி எனக்கு இதப் பிடிக்கத் தகுதி இல்ல."

அவள் வாங்கவில்லை.

"முதல் ஆட்டம் செப்டம்பர் ஆறு. புதுசா ஒருத்தனப் பழக்க எனக்கு நேரமில்ல" என்றாள். "நாளைக்குக் காலைல கடையில எல்லார் முன்னாடியும் வெஸ்லிகிட்டச் சொன்னதச் சொல்லு. இப்பக் குனிஞ்சு நாடாவப் பிடி."

குனிந்து பிடித்தேன்.