கையால் அளந்த சைக்கிள்

சிமியோன் வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் ஆறடி ஆள் என்றுதான் நினைப்பீர்கள். கரையில் இறங்கி நின்றால்தான் உண்மை தெரியும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் இளந்தாரிக் காலத்திலிருந்து வலை இழுத்த உடம்பு அது. மேலுடம்பு நீளம், கை முழங்காலைத் தொடப் பார்க்கும், கால் மட்டும் கட்டை. ஆண்டவர் மேலே தாராளமாக வெட்டிவிட்டார், கீழே வரும்போது துணி முடிந்துபோய்விட்டது என்று அவன் மனைவி லூர்த்தம்மா சொல்வாள். வீட்டிலிருந்து உடுப்புத் தைக்கிறவள். புருசனுக்குக் காற்சட்டை வாங்கினால் அடியில் வெட்டுவாள், சேட்டுக் கைக்குத் துண்டு வைத்துத் தைப்பாள்.

சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன பிறகு சிமியோன் இரவல் சைக்கிள் ஒன்றை மிதிக்கத் தொடங்கினான். கடலால் வந்து மீனைக் கொடுத்துவிட்டுப் பண்ணைப் பாலம் வரை போய்வருவான். போகப்போக அந்த ஓட்டம் அவனுக்குப் பிடித்துப்போனது. வளைந்த காண்டில் வைத்த றேஸ் சைக்கிளில் பொடியள் பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இதை ஒருநாள் பிரான்சில் இருக்கும் தங்கச்சி கிறிஸ்ரினாவிடம் தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அடுத்த லீவில் வந்தவள், பெட்டியைத் திறக்க முதலே அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கக் கடைக்குப் போக நின்றாள்.

அவள் அந்தரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவளுக்குத் தொய்வு. மூச்சு இழுத்தால் புத்தூரில் ஒரு நாட்டு வைத்தியர், பரியாரி, அவரின் மருந்துதான் கேட்கும். சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். அப்பாவின் பெரிய சைக்கிளின் பாரில் தலையணையைக் கட்டி, அவளை இருத்தி, அத்தனை தூரமும் மிதித்தவன் சிமியோன். அவனுக்கே அப்போது மீசை முளைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அருட்செல்வன் என்பவர் ஜப்பான் பழைய றேஸ் சைக்கிள்கள் விற்கிறார். பிறேம் சின்னன், பெரிசு என்று பல அளவில் சுவரில் தொங்கும். கிறிஸ்ரினா கடும் நீலத்தில் உயரமாக நின்ற ஒன்றைப் பார்த்ததும் கையை வைத்துவிட்டாள்.

"அண்ணைக்குச் சரியா இருக்குமோ?" என்று கேட்டாள்.

"அளந்து பாப்பம்," என்றார் அருட்செல்வன். எங்கள் ஊரில் எல்லாரும் அளக்கிற விதம்தான். சீற்றைக் கமக்கட்டுக்குள், அக்குளோடு ஒட்ட வைத்துக் கையை நீட்டவேண்டும், விரல் நுனி பெடல் அச்சைத் தொடவேண்டும். சிமியோன் நீட்டினான். விரல் அச்சைத் தாண்டியே போனது.

"கச்சிதம். இன்னும் பெரிசும் ஓடலாம்," என்றார்.

காலைப் போட்டு நின்றபோது பார் அடியில் முட்டியது. சிமியோன் குதியை மெல்ல உயர்த்திக்கொண்டான். தங்கச்சியின் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரமே நாரி பிடித்தது, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. சீற்றைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தான். பிறேமே உயரம், அதற்குக் கீழே எங்கே இறக்குவது? ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒருபக்கம் சரிந்தால்தான் பெடல் எட்டியது. இரவலுக்கே திரும்பிப் போகலாம்தான். ஆனால் முற்றத்தில் சும்மா நிற்கிற சைக்கிளை அவள் காணாமல் இருப்பாளா? அவள் பிளேன் ஏறும் வரைக்கும் பல்லைக் கடிப்பது என்று தீர்மானித்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கிறிஸ்ரினா, "அண்ணை, புத்தூர் மட்டும் போவம்," என்றாள். தனக்கும் ஒரு சைக்கிள் இரவல் எடுத்திருந்தாள். சிமியோன் அவளை முன்னுக்கு விட்டான். மரியாதைக்கு அல்ல, தன் ஆட்டத்தை அவள் பார்க்கக்கூடாது என்றுதான். நல்லூர் தாண்டும் வரை சரியாகப் போனது. கோப்பாயில் ஒரு பஸ் ஒதுக்கியதில் அவள் பின்னுக்குப் போய்விட்டாள்.

கொஞ்சத் தூரத்தில் கூப்பிட்டாள். "அண்ணை, நில்லுங்கோ."

நிற்கவும் கால் எட்டவில்லை. ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன பிள்ளை, செயின் கழண்டிட்டுதோ?"

"உங்கடை இடுப்பு ஆடுது."

"வயசு போனா எல்லாம் ஆடும்."

"கதை விடாதேங்கோ. அப்பான்ரை சைக்கிளிலையும் இப்பிடித்தான் ஆடினனீங்கள். நான் பாரிலை இருந்தனான், எனக்குத் தெரியாதோ? கால் எட்டாமல் மிதிச்சனீங்கள். இதுவும் எட்டேல்லை."

சிமியோன் மதிலை விடாமல் மெல்லக் கீழே இறங்கினான்.

"அப்ப நோகேல்லையோ?" என்று கேட்டாள்.

"உன்ரை மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓடினனான். நாரியை ஆர் நினைச்சது?"

அவள் முகத்தைத் துடைத்தாள். "இப்ப எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. இப்ப நினையுங்கோ."

வீட்டில் விசயத்தைக் கேட்ட லூர்த்தம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இஞ்சாருங்கோ, உங்கடை கையைக் கொண்டோ உங்கடை காலை அளந்தவை? என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாமே."

"எனக்கு விளங்கேல்லை மச்சாள்," என்றாள் கிறிஸ்ரினா.

"மற்றவைக்குக் கையும் காலும் ஒத்துப்போகும், கமக்கட்டு அளவு சரிவரும். உவருக்கு எப்பிடி வரும்? உவற்றை காற்சட்டையிலை வெட்டின துணியிலை ரெண்டு தலையணை உறை தைச்சனான்."

அடுத்தநாள் மூவருமாகக் கடைக்குப் போனார்கள். லூர்த்தம்மா நாடாவோடு போனாள். காற்சட்டைக்கு அளப்பதுபோலக் கவட்டிலிருந்து குதி வரை அளந்து காட்டினாள். அருட்செல்வன் தலையைச் சொறிந்தார். "அக்கா, இந்தக் கை என்னைப் பேய்க்காட்டிப் போட்டுது," என்றவர், முகம் கோணாமல் நீலத்தை எடுத்துக்கொண்டு சின்னப் பிறேம் ஒன்றை இறக்கினார். சிவப்பு, கொஞ்சம் கீறல். காலைப் போட்டால் குதி இரண்டும் நிலத்தில் பதிந்தன, பாருக்கும் இடைவெளி இருந்தது. ஆனால் சின்னப் பிறேமில் காண்டில் கிட்ட வந்து சிமியோனின் நீட்டுக் கையும் முதுகும் மடங்கின. அருட்செல்வன் காண்டிலைப் பிடிக்கிற தண்டைக் கழற்றிவிட்டு நீளமான ஒன்றைப் பூட்டினார். இப்போது கையும் நீட்டி வந்தது.

"நீலம்தான் வடிவு," என்றாள் கிறிஸ்ரினா, மனமில்லாமல்.

"ஓம், வடிவுதான். சுவரிலை தொங்கட்டும்," என்றாள் லூர்த்தம்மா.

அன்று பின்னேரம் அண்ணனும் தங்கச்சியும் திரும்பவும் புத்தூர் றோட்டில் இறங்கினார்கள். இம்முறை அவளை முன்னுக்கு விடவில்லை, அவனே முன்னால் போனான். நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒருகாலை ஊன்றி, மதில் ஒன்றும் தேடாமல் நின்றான். நாரியில் நோ ஒன்றும் இல்லை. அப்பாவின் சைக்கிளையும் தலையணையையும் நினைத்தான். இவ்வளவு நாளும் தான்தான் அவளைச் சுமந்ததாக எண்ணியிருந்தான். பாரில் இருந்த பிள்ளையும் அவன் ஆடின ஆட்டத்தை இத்தனை வருசம் மனதில் சுமந்திருக்கிறாள். ஆண்டவரே, உமக்குத் தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

கிறிஸ்ரினா வந்து பக்கத்தில் நின்றாள். மூச்சு ஒரு துளியும் இழுக்கவில்லை.

"அண்ணை, பாரிலை ஏறட்டோ?"

"ஏறு. சைக்கிள் முறிஞ்சால் மச்சாளுக்கு நீதான் பதில் சொல்லவேணும்."