மகளுக்கு அனுப்பிய கவசம்

என் மகளும் நானும் செல்போனில் சேர்ந்து விளையாடினோம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். தலை நரைத்தவனுக்கு இது எதற்கு என்பார்கள். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது அதற்குள் மட்டும்தான்.

நான் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் சத்தீஸ்கர், ஒடிசா என்று மாதக்கணக்கில் வெளியில்தான். மழைக்காலத்தில் மட்டும் வீடு. மகள் நடக்கப் பழகியது, பள்ளிக்கூடம் போனது எல்லாமே எனக்குப் போனில் வந்த சேதிகள். ஊருக்கு வந்தாலும் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாது. எனக்குப் பொதுவாகவே நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அவளும் என்னைப் போல.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம், மழைக்கு நான் வீட்டில் இருந்தபோது என் போனை வாங்கி அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். காடு, கோட்டை, பூதம், ராட்சதப் பாம்பு. ஆளுக்கு ஒரு வீரனை எடுத்துக்கொண்டு சேர்ந்து போய்ச் சண்டை போட வேண்டும்.

"இந்தத் தாடிக்காரன் அப்படியே உங்களாட்ட இருக்கறானுங்கப்பா" என்று எனக்கு ஒருவனைப் பிடித்துக் கொடுத்தாள். தனக்கு ஒரு பெண்ணை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்திலிருந்து கால்வரை இரும்பு. தலையிலும் இரும்புக் குல்லா.

"மத்ததெல்லாம் பாதி ஒடம்பு தெரியற மாதிரிதானுங்க இருக்குது. அதப் போட்டுக்கிட்டுச் சண்டைக்குப் போனா எங்கீங்க பொழைக்கறது? தேடித் தேடி இத எடுத்தனுங்க."

எனக்கும் அது சரியாகப் பட்டது. கம்ப்ரசர் காற்று போகும் ஓஸ் குழாய் பிடுங்கிக்கொண்டு அடித்தால் ஆள் என்ன ஆவான் என்று பார்த்தவன் நான். தொப்பியும் பூட்ஸும் இல்லாத எவனையும் மிஷின் பக்கம் விடமாட்டேன்.

ரிக்குக்குத் திரும்பிய பிறகும் விளையாட்டு தொடர்ந்தது. டீசலுக்கோ துளை போடும் ராடுக்கோ காத்துக் கிடக்கும் மத்தியானங்களில், அவளுக்கும் விடுமுறையாக இருந்தால், இருவரும் உள்ளே போவோம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் அவள் குரல் பக்கத்தில் இருப்பது போலக் கேட்கும்.

"தள்ளி நிக்காதீங்கப்பா, பக்கத்துல வாங்க. பூதம் உங்களத்தான் மொதல்ல அடிக்கும்."

"அதுக்கு நான் என்ன சாமி பண்ணுனேன்?"

"சும்மா நிக்கறீங்கள்ல, அதானுங்க."

பூதத்தை அடித்துக்கொண்டே மற்றதையும் சொல்லுவாள். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றது, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, கூடப் படிப்பவள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகப் போவது. நானும் பாறைக்குக் கீழே தண்ணீர் கிடைத்த கதையைச் சொல்லுவேன். கைக்கு வேலை இருந்ததால் வாய்க்குக் கூச்சம் போய்விட்டது போல. மகளோடுதான் விளையாடுகிறேன் என்று ரிக்கில் ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கள் சமையல்காரர், வாழப்பாடிக்காரர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்பா, இந்தப் பொண்ணுக்கு வேர்க்காதா? அண்டா குண்டாவெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது" என்பார். நான் சிரித்து வைப்பேன்.

அவளுடைய கடைசி வருடத்தில் ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மனைவி போன் செய்தாள்.

"ஏனுங்க, நான் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. உங்ககிட்டத்தான் அந்த வெளையாட்டுல என்னமோ வாயாடறாளே. சம்மதமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அவ வேண்டாம்னா உட்றலாம்."

கேட்கிறேன் என்றேன். சும்மா எப்படிக் கேட்பது? முதலில் அவள் சந்தோஷப்படும்படி ஏதாவது கொடுத்துவிட்டு, சண்டைக்கு நடுவில் மெதுவாகக் கேட்கலாம் என்று நினைத்தேன். ராட்சதப் பாம்பைக் கொன்றால் ஒரு கவசம் கிடைக்கும். தனியாகவே பல மத்தியானங்கள் போராடி அதை வாங்கினேன். அதில் எழுதியிருந்த இங்கிலீஷ் எனக்குப் புரியாது. கேடயப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் புரியும். அதைவிடப் பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை. என் தாடிக்காரனுக்கு மாட்டிப் பார்த்தேன். மார்பு, தோள், வயிறு, தொடை, எல்லாவற்றுக்கும் கனத்த தகடு. கழற்றி, பரிசுப் பெட்டிப் படத்தை அமுக்கி அவளுக்கு அனுப்பினேன்.

"ஐ! இது கெடைக்கவே கெடைக்காதுங்களே! எப்படீங்கப்பா புடிச்சீங்க? இருங்க, இப்பவே போட்டுக்கறேன்."

போட்டுக்கொண்டாள். என் திரையில் அந்தப் பெண் திரும்பி நின்றாள். மார்பில் ஒரு கீற்றுத் தகடு, இடுப்பில் ஒரு கீற்று. மற்றபடி வெறும் உடம்பு.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் பின்னால் வந்து நின்றார். "அட, நம்ம அண்டா குண்டா பொண்ணா இது? நான் சோறு வடிக்கிற துணியே இதவிடப் பெருசு! டேய், வாங்கடா, டிரில்லர் என்னா பாத்துக்கிட்டு இருக்கார்னு பாருங்கடா!"

பையன்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். அது என் மகள் என்று சொல்ல முடியுமா? இயர்போனில் அவள் பேச்சு நின்றுவிட்டிருந்தது. இங்கே சிரித்தது முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் போனையே அணைத்துவிட்டேன்.

இங்கிலீஷ் தெரியாமல் எதையோ தொட்டு, அசிங்கமான ஒன்றை மகளுக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அந்த விளையாட்டுக்குள் நான் போகவில்லை. போனில் அவள் குரல் கேட்டாலே உடம்பு கூசியது. சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு மனைவியிடம் கொடுக்கச் சொல்லிவிடுவேன்.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ம்... பேசினேன்."

"அப்ப சரின்னு சொல்லிறலாமுங்களா?"

நான் மறுபடியும் "ம்" என்றேன். இரண்டு நாளில் உண்மையாகவே கேட்டுவிடலாம் என்று எண்ணம். அதற்குள் மகளே சம்மதம் சொல்லிவிட்டதாகச் சேதி வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

போன மழைக்கு மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னைக்கு ஏனுங்கப்பா போன அணைச்சீங்க? அப்படிப் போட்டுக்கிட்டு நின்னேன்னு கோவமுங்களா?"

"உம்மேல எனக்கென்ன சாமி கோவம்? நாந்தான் தப்பா எதையோ அமுக்கி அனுப்பிச்சுப் போட்டேன். எனக்குப் போட்டுப் பாக்கறப்ப ஒடம்பு பூராத் தகடா இருந்துச்சு."

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"நீங்க சரியாத்தானுங்க அனுப்புனீங்க. அது அதே கவசம்தான். ஆம்பளைக்கு மாட்டுனா முழுசா இருக்கும், பொம்பளைக்கு மாட்டுனா அப்படி ஆயிரும். செஞ்சவங்க அப்படிச் செஞ்சு வெச்சிருக்கறாங்க. நீங்க குடுத்த சந்தோசத்துல நானும் பாக்காமப் போட்டுட்டேன்."

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. அதே கவசம், அதே எண். அதைத் தெரிந்துகொண்டிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் அதைச் செய்தவனைத் திட்டிவிட்டு, அவள் பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு, நான் கேட்க வந்ததைக் கேட்டிருப்பேன்.

"அன்னைக்கு உன்னையக் கல்யாணத்தப் பத்தித்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியுமுங்க. அப்பா கேப்பாருன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. ரெண்டு வருசம் வேலைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லோணும்னு இருந்தனுங்க. அப்புறம் நீங்க பேசவே இல்ல. என்னைய வெறுத்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்பாவுக்குச் சம்மதம்னு அம்மா சொன்னதும், சரி, இதாச்சும் நீங்க சொன்னபடி கேக்கலாம்னு தலையாட்டிட்டேன்."

மனைவியிடம் நான் சொன்ன அந்த "ம்"தான் என் சம்மதமாக அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"உடுங்கப்பா. உங்க மாப்பிள்ள நல்லவருதானுங்க" என்றாள்.

நல்லவர்தான். அன்று மாலை மாப்பிள்ளை வந்து, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் சாப்பிட்டாளா என்று முதலில் கேட்டார். எனக்கு ஒரு புதுச் சட்டையும் வாங்கி வந்திருந்தார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால்தான் இந்த வருத்தத்தை என் மனைவியிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.