மேசையில் கிடந்தால்தான் கோடு

லைப்ரரி வேலைன்னா நாள் பூரா உக்காந்து படிக்கலாம்னு நினைக்கிறவுக, ஒரு வாரம் வந்து எங்கூடக் கோடு போட்டுப் பாருங்க.

உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரி. யாரும் தொடாத ஜர்னல்களுக்குச் சந்தா கட்டுறதை அடுத்த வருசம் நிறுத்திடணும்னு பிரின்சிபால் சொல்லிட்டாக. அதுக்கு ஒரு ஏற்பாடு: படிச்சதை மேசையிலேயே விட்டுட்டுப் போகணும். நாலு மணிக்கு நான் ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல ஒரு கோடு போட்டுட்டு ரேக்குல அடுக்குவேன். மேசையில இல்லையா, கோடும் இல்ல. ஆபீசுல கணக்கெடுத்துச் சலிச்ச ஆளுகளுக்கு மிச்சம் சொல்லாமலே புரியும்.

முதல் வாரம்

அஞ்சு நாளா மேசை காலி. இந்தக் காலேஜ்ல ஒருத்தரும் படிக்கிறதில்லைன்னு முடிவே கட்டிட்டேன். ஆறாம் நாள் மூணரைக்கு எட்டிப் பாத்தா, பெருக்குற பேச்சியக்கா அத்தனையையும் அள்ளி ரேக்குல அடுக்குது. நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே அக்கான்னு கேட்டேன்.

"மேசை குப்பையா கிடந்தா என்னையத்தானே சார் கேப்பாக, உங்களையா கேப்பாக?"

அதிகக் கோடு வாங்கினது

வணிகவியல் ஜர்னல் ஒண்ணு, நல்ல தண்டி. தெனமும் மேசையில கிடக்கும். பரவாயில்லையேன்னு ஒரு நாள் போய்ப் பாத்தேன். கடைசி வருசப் பையன் ஃபேனுக்கு அடியில பேப்பரை விரிச்சு, வேலை விளம்பரம் பாத்துக்கிட்டிருக்கான். ஜர்னல் பேப்பர் மேல உக்காந்திருக்கு.

"இது இருந்தாத்தான் சார் பேப்பர் பறக்காது."

மேசையில இருந்துச்சுல்ல, கோடு போட்டேன்.

வியாழக்கிழமை

தாவரவியல் சபியா மேடம் திராட்சை இலைநோய் பத்தி ஆராய்ச்சி பண்றாக. அதுக்குன்னு ஒரே ஒரு ஜர்னல், அச்சுல மட்டும்தான் வரும். வியாழன்தோறும் ரெண்டு மணி நேரம் குறிப்பெடுப்பாக. முடிஞ்சதும் கைக்குட்டையால தூசி தட்டி, ரேக்குல அதே இடத்துல வச்சுட்டுப் போவாக. மேசையிலேயே விடுங்க மேடம்னு மூணு தரம் சொன்னேன். தலையாட்டுவாக, கை ரேக்குக்குத்தான் போகும். நானே ஒரு கோடு போட்டிருக்கலாம். விதின்னா விதின்னு இருந்துட்டேன்.

வருசக் கடைசியில அந்த ஜர்னலுக்குப் பூச்சியம். வணிகவியல் முதலிடம். பட்டியல்ல கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாசம் மேடம் வந்து, ரேக்குல புது இதழ் வராத காலி இடத்துக்கு முன்னாடி நின்னாக. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு. கோடு நோட்டை எடுத்துக் காட்டினேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு மேடம் சொன்னாக:

"அடுத்து வர்றவுக தேடக் கூடாதுன்னுதானே சார், எடுத்த இடத்துலேயே வச்சேன்."

ரெண்டு கண்ணால பாத்ததை விட்டுட்டு மேசையை நம்பிக் கோடு போட்ட புண்ணியவான் கையெழுத்து, அந்தப் பட்டியலுக்கு அடியில ரொம்ப அழகா இருக்கு.