பென்யோ வளர்த்த நாய்

பென்யோவைப் போல ஒரு சோம்பேறி எங்கள் ஊரில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வருஷக்கணக்காக என் முற்றத்து மருலா மரத்தடியில் உட்கார்ந்து, நான் காய்ச்சும் சோள பீரைக் குடித்துவிட்டு, "போன வாரம் காய்ச்சினது இதைவிட நல்லா இருந்துச்சு" என்று வாயைத் துடைத்துக்கொள்கிற ஆளைப் பற்றி எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? முதுகு சாய்க்கிற நாற்காலி என்னிடம் ஒன்றே ஒன்று உண்டு. மற்றவர்கள் காலிப் பெட்டிகளின் மேல் உட்காருவார்கள். நாற்காலி துரைக்கு.

எப்போதோ எல்லை தாண்டிப் போய்ச் சுரங்கத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தான். பார்த்ததைவிட அதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். தலையில் நரை விழுந்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. எவளாவது கட்டியிருந்தால் அவளுக்காக நான் அழுதிருப்பேன். சாப்பாடெல்லாம் அக்கா செதுன்யா வீட்டுப் பானையில்தான்.

செதுன்யாவுக்குப் புருஷன் செத்துப் போய்விட்டான். ஆடுகள் இருந்தன. தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், முள்காட்டு ஓரத்தில் அவளுடைய பட்டி. மேய்க்க இருந்த ஆள் சொந்த நாட்டுக்குப் போனதும் நரிகள் குட்டிகளைத் தூக்க ஆரம்பித்தன. தலைநகரத்தில் இருக்கும் மகள் வாமே, "எல்லாத்தையும் வித்துட்டு எங்கூட வந்துரும்மா" என்று போனில் நச்சரித்தாள். செதுன்யாவுக்கு அங்கே போய் மகள் வீட்டுச் சோபாவைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிடச் சாவது மேல். அதனால் ஒரு நாய்க்குட்டி வாங்கிவந்தாள்.

கண் திறந்து சில நாளே ஆன குட்டி. தவிட்டு நிறம், வயிறு மட்டும் பானை. வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. துணியில் சுற்றி நேரே பட்டிக்குக் கொண்டுபோய் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் விட்டாள். ஓர் ஆட்டைப் பிடித்துக் கறந்து, அந்தப் பாலையே சட்டியில் ஊற்றி வைத்தாள். பென்யோ அதைத் தூக்கி மடியில் வைக்கப் போனான்.

"டேய், அதைக் கொஞ்சினேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றாள்.

"பாவம்க்கா, பச்சக் குழந்தை."

"குழந்தையுமில்ல, நாயுமில்ல. இது ஆடு. தான் ஆடுன்னு இது நம்பணும். நீ உன்னைய மனுஷன்னு நம்பிக்கிட்டுத் திரியறேல்ல, அந்த மாதிரி."

எங்கள் பக்கத்தில் மந்தை நாயை இப்படித்தான் வளர்ப்போம். அது ஆட்டோடு தூங்க வேண்டும். வீட்டுப் பக்கம் வந்தால் கல்லெடுத்து விரட்ட வேண்டும். சோறு பொழுது சாயும்போது ஒரே வேளை, அதுவும் பட்டிக்குள் மட்டும். வளர்ந்ததும் காலையில் மந்தையோடு காட்டுக்குப் போகும். பசிக்கிற நேரத்தில் சோற்றை நினைத்துத் திரும்பும். ஆட்டை விட்டுவிட்டு வர மனம் வராது, அதனால் ஆடுகளையும் தள்ளிக்கொண்டு வந்து சேரும். இவ்வளவுதான் வித்தை. இதற்கு மேய்ப்பவனும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம், சொன்ன சொல் மாறாமல் சாயங்காலம் சட்டியை வைக்க ஒரு கை இருந்தால் போதும்.

எங்கள் ஊரில் நாய்க்குப் பேர் வைப்பது நாயைக் கூப்பிடுவதற்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களின் காதில் விழுவதற்காக. என் நாயின் பேர் 'உங்களுக்கு என்ன வந்துச்சு'. பென்யோ தன் பங்குக்குச் செதுன்யாவின் குட்டிக்குப் 'பட்லம்போனா' என்று பேர் வைத்தான். 'பாரு, என்னைப் பார்க்கத்தான் போறாங்க' என்று அர்த்தம். பேர் வைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று என் நாற்காலிக்குத் திரும்பிவந்தான்.

குட்டியை வளர்த்தது செதுன்யாதான். பல் முளைக்கிற காலத்தில் அது ஆட்டுக்குட்டிகளின் காதைக் கடித்து இழுத்தது. அடிக்கவில்லை அவள். கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஓடும்போதெல்லாம் கட்டை முன்னங்காலில் இடிக்கும். கொஞ்ச நாளில் துரத்துகிற விளையாட்டையே மறந்துவிட்டது. கட்டையை அவிழ்த்துப் பட்டிக் கம்பத்தில் மாட்டினாள். மழை முடிந்த சமயத்தில் பட்லம்போனா மந்தையோடு தனியாகக் காட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் எல்லா ஆட்டையும் கொண்டுவந்து பட்டிக்குள் விட்டுவிட்டுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. அன்றைக்குச் செதுன்யா என் வீட்டுக்கு வந்து, தனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு பெரிய குவளை வாங்கினாள்.

அதற்குப் பிறகுதான் கழுதை வண்டி குடை சாய்ந்து அவள் கால் முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். அங்கிருந்து மகள் வீட்டில் படுக்கை. ஊரில் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போதே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியிடம் சொன்னாள்:

"உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்லடா. சாயங்காலம் ஒரு சட்டிக் கூழு. பட்டிக்குள்ள. அது மட்டும் செய்."

"இத ஒரு வேலைன்னு சொல்றியேக்கா! நீ நிம்மதியாப் போ."

அவன் வாயிலிருந்து நிம்மதி என்ற சொல் வந்தபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

சில நாள் போனான். அப்புறம் வெயில் என்றான், செருப்பு அறுந்தது என்றான். ஒரு நாள் நாயைக் கயிற்றில் கட்டி என் முற்றத்துக்கே இழுத்துவந்துவிட்டான். குடிக்க வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமாம். கை கொடுக்கச் சொல்லிப் பழக்கினான். மந்தை நாய்க்கு, ஆண்டவா, கை கொடுக்க! கொடுத்ததும் எலும்பைப் போட்டான், தலையைத் தடவினான். மறுநாளும் அதே கூத்து.

அதற்கு அடுத்த நாள் கயிறு தேவைப்படவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வாசல் பக்கம் ஒரே தூசி. பார்த்தால் பட்லம்போனா வருகிறது, அதற்கு முன்னால் செதுன்யாவின் மந்தை முழுக்க வருகிறது! சாக்கில் காயவைத்திருந்த என் முளைச்சோளத்தில் ஆடுகள் வாயை வைத்தன. ஒன்று பீர்ப்பானைக்குள் தலையை விட்டது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கத்துகிறேன், குடிகாரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

பென்யோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பாத்தீங்களாடா? நான் ஓட்டல, கூப்பிடல, ஒக்காந்த எடத்தவிட்டு அசையல. மந்தையே என்னையத் தேடி வருது!"

"உன்னைய இல்லடா, எலும்பத் தேடி வருது" என்றேன்.

"கபோ அம்மாவுக்குப் பொறாமை" என்று மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அன்றிலிருந்து தினமும் இதே ஊர்வலம். என் முற்றத்தில் புழுக்கை போட்டுவிட்டு, ராத்திரிக்குச் செதுன்யாவின் ஊர் வீட்டுக் கிழிந்த கம்பிவேலிக்குள் ஒண்டிக்கொள்ளும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தார் ரோட்டைக் கடக்க வேண்டும். சரக்கு லாரிக்காரன் ஆட்டுக்காக நிற்பானா? சினை ஆடு ஒன்று போனது. பிறகு குட்டிகள். செத்ததை எல்லாம் பென்யோ அறுத்து வறுத்துத் தின்றான், அதன் எலும்பை நாய்க்குப் போட்டான். அக்காவிடம் போனில், "எல்லாம் சூப்பரா இருக்கு" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை, நானே செதுன்யாவைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன்.

வாமே போனைப் பிடுங்கி, "இதுக்கு மேல என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை லாரியோட வர்றோம். ஆட்டையெல்லாம் ஏத்திர வேண்டியதுதான்" என்றாள்.

"அதுக்கு முன்னால நான் போறேன்" என்று பின்னால் செதுன்யாவின் குரல் கேட்டது. "ஆடு தானாப் பட்டிக்குள்ள போச்சுன்னா நான் அங்கதான் இருப்பேன். போகலைன்னா லாரியில நானும் ஏறிக்கிறேன்."

ஊன்றுகோலோடு வந்து நேரே பட்டியில் இறங்கினாள். சாமான் தூக்க நானும் போயிருந்தேன். கூழ் காய்ச்சிப் பால் ஊற்றி, சட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். பொழுது சாய்ந்தது. மந்தை வந்தது. பட்லம்போனா அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து கையை நக்கியது. சட்டியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி ஆடுகளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

சட்டியைப் பார்த்தபடியே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கு மறிச்சு உள்ள அடைச்சிருவோம்" என்றேன்.

"ஒரு நாள் அடைக்கலாம். தெனம் யாரு அடைப்பா, இந்தக் கால வச்சுக்கிட்டு?" என்றாள். சட்டியை எடுத்து மூடிவைத்தாள். "நாய் மேல தப்பில்ல, கபோ அம்மா. சோறு இருக்கிற எடத்துக்குப் போகுது. ஆட்டையும் விட்டுட்டுப் போகல. நல்லாத்தான் வளந்திருக்கு. வளராதவன் இன்னொருத்தன் இருக்கான். அவனுக்கு இப்ப யாரு சோறு போடறா?"

"உன் சித்தி மகதான். உன் பானையிலதான்."

"பானைய இங்க கொண்டாரச் சொல்லு. இனிமே அவனுக்கும் சாயங்காலம் ஒரு வேளை. பட்டிக்குள்ள."

நான் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோலே கீழே விழுந்தது.

பென்யோவுக்கு யாரும் சோறு போடக் கூடாது என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டிலும் மறுபேச்சு இல்லை, எல்லாரும் இதற்காகவே காத்திருந்தவர்கள் போல. என் முற்றத்திலும் சட்டம் போட்டேன்: நாய்க்கு எலும்பு போடுகிறவனுக்குப் பீர் கிடையாது. பென்யோ அத்தை வீட்டுக்குப் போனான், அடுப்பு அணைந்துவிட்டது என்றார்கள். சித்தி மகளிடம் போனான். "அண்ணே, பானை பட்டியில இருக்கு, போய்ச் சாப்பிடுங்க" என்றாள். மானஸ்தன், போகவில்லை. மறுநாள் முழுக்கத் தண்ணீரைக் குடித்தே ஓட்டினான்.

சனிக்கிழமை காலையில் ஊரில் ஒரு சாவு அடக்கம். சாவு வீட்டில் யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்ற தைரியத்தில் தட்டோடு வரிசையில் முதல் ஆளாக நின்றான். இடித்த மாட்டுக்கறியைப் பெரிய அண்டாவிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன் அவனுக்கு மச்சான் முறை.

"உன் பங்கு பட்டிக்குப் போயிருச்சு மச்சான்."

"நான் என்ன மனுஷனா, நாயாடா?" என்று கத்தினான் பென்யோ.

"நாயா இருந்தா ஆட்டோட இருந்திருக்குமே" என்றான் மச்சான், அடுத்த தட்டுக்குக் கறியைப் போட்டபடி. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சால்வையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் நாற்காலியில் சுருண்டு கிடந்தான். வெறும் வயிற்றில் பீர் இறங்கவில்லை. பட்லம்போனா மந்தையோடு வந்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்து கை கொடுத்தது. போட எலும்பில்லை. மறுபடியும் கை கொடுத்தது. பசித்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன.

பென்யோ எழுந்தான். ஒருவரையும் பார்க்காமல், பட்டிப் பக்கம் நடந்தான்.

நாய் அவன் பின்னால் போனது, சோறு போட்ட கை ஆயிற்றே. நாய் போகும்போது ஆடுகளைத் தள்ளிக்கொண்டே போனது. மரத்தடியே காலியானது, நாங்களும் பின்னால் போனோம். தார் ரோட்டில் இரண்டு பேர் ஓடிப்போய்க் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார்கள். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "என்ன கல்யாணமா?" என்று கேட்டான்.

செதுன்யா பட்டி வாசலில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆடு உள்ளே போகிற வரை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தாள். முதல் சட்டியை நாய்க்கு வைத்தாள்.

"முதல்ல அது. அது வேலை செஞ்சிருக்கு" என்றாள். பிறகுதான் தம்பிக்கு. ஆடுகள் தட்டை முகர, அவன் முழங்கையால் தள்ளிக்கொண்டே விழுங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை வாமே லாரியோடு வந்தாள். வண்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொழுது சாய்ந்ததும் முன்னால் மாமன், அவன் காலடியில் ஆடுகள், பின்னால் நாய், வரிசையாக வந்து உள்ளே போயின. வாமே வாயைத் திறப்பதற்குள் செதுன்யா, "நின்னு பாத்துக்கிட்டிருக்காம கதவைச் சாத்தும்மா" என்றாள். மகள் சாத்தினாள். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

கொஞ்ச நாளில் பட்லம்போனாவுக்கு அவன் தேவைப்படவில்லை. காட்டிலிருந்து நேரே பட்டிக்கு வந்துவிடும். அது இப்போது வளர்ந்த நாய், பிறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் செதுன்யா பானையை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. பென்யோ பகலெல்லாம் என் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் வளர்த்த நாய்டா அது, இது மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்று அளப்பான். நிழல் நீண்டதும் பாதிக் குவளையை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். கூப்பிட ஆளே வேண்டாம்.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் இந்த நாயைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பட்டிக்கு வந்தார். மந்தை தானாக வந்து அடைந்ததைப் பார்த்து அசந்துபோனார்.

"இத இப்படிப் பழக்க ஒரு வருஷம் ஆயிருக்குமேம்மா?"

செதுன்யா பட்டிக்குள்ளே பார்த்தாள். பென்யோ தட்டை ஏந்திக்கொண்டு, நாய் தின்று முடிக்கட்டும் என்று தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான்.

"நாய்க்கா? அது ஆறு மாசத்துலயே பழகிருச்சு" என்றாள்.