இரண்டு விசில் தண்ணீர்

என் ஓரகத்திக்குத் தெருவில் இரண்டு பெயர். முதலில் ‘ரோஸ் அக்கா’, இப்போது ‘விசில் அக்கா’. பார்க்கிறதற்கு ரோஜாப்பூ மாதிரி இருப்பாளோ என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் இஞ்ச் டேப்பும் வாயில் குண்டூசியுமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். குண்டூசியை வாயிலிருந்து எடுத்தால்தான் நமக்கு ஆபத்து. அண்ணன் பெண்டாட்டி அவள், தம்பி பெண்டாட்டி நான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர் டிரம்.

பின் தெருவில் காலரா வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். உடனே சுகாதார நிலையத்து நர்ஸ் எங்கள் தெருவுக்கு வந்து நின்றாள்.

“குடிக்கிற தண்ணியில தினமும் குளோரின் சொட்டு விடணும். வீடு வீடாப் போய்ச் சோதிச்சுப் பார்க்க ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?”

தெரு மொத்தமும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நீளமான நாக்கு சும்மா கிடக்கக் கூடாது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

அக்கா குண்டூசியைத் துப்பினாள். “நான் வர்றேன். காலரா என் வீட்டு வாசப்படிய மிதிச்சுடுமா பார்க்கிறேன். மிதிச்சா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!”

நர்ஸ் வீட்டுக்கு ஒரு மருந்துப் புட்டியும், சின்னக் கண்ணாடிக் குப்பியும், மாத்திரைகளும், ஒரு வண்ண அட்டையும் கொடுத்தாள். சொட்டு விட்டு அரைமணி கழித்து, டிரம்மிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் குப்பியில் பிடித்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் ரோஸ் நிறம் வரும். “அட்டையில இருக்கிற இந்த இளம் ரோஸ் வந்தாப் போதும்” என்றாள். போதும் என்கிற வார்த்தை எங்கள் தெருவுக்கு என்றைக்குப் புரிந்திருக்கிறது?

அந்த வாரமே தெருவுக்கு ரோஸ் பைத்தியம் பிடித்தது. காலையில் அவரவர் குப்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். “உங்க வீட்டுது என்ன இப்படி வெளிறிக் கிடக்கு? உடம்பு சரியில்லையா?” என்று பக்கத்து வீட்டைக் குசலம் விசாரிப்பார்கள். அக்கா ரவிக்கைத் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து ஒத்துப்பார்ப்பாள். எதிர்வீட்டு டீச்சர் குப்பி ஒருநாள் எங்கள் குப்பியைவிட ஒரு பங்கு அடர்த்தியாக இருந்துவிட்டது. டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதாதா? அன்றிலிருந்து எங்கள் டிரம்மில் சொட்டு என்ற கணக்கு போய் மூடி என்ற கணக்கு வந்தது.

அந்தத் தண்ணீரைக் குடிக்கிறதற்குத் தனி தைரியம் வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாலும் முகம் அஷ்டகோணலாகப் போகும். “நீச்சல் குளத்துல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு அண்ணி” என்று என் வீட்டுக்காரர் முனகுவார். முனகாத ஒரே ஆள் பெரியவர், அதாவது அக்காவின் கணவர். பஸ் கண்டக்டர். வெளியில் புலி, வீட்டில் எலி. ஒரு விசில் அடித்தால் அத்தனை பெரிய பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். வீட்டிலோ மின்விசிறியைப் போடக்கூட அக்கா முகத்தைப் பார்ப்பார்.

“ஏங்க, தண்ணி குடிச்சீங்களா?”

“இப்பத்தாம்மா குடிச்சேன்.”

இவரல்லவா புருஷன் என்று நாங்கள் எல்லாரும் புகழ்ந்தோம்.

ஒருநாள் டீச்சரை ஒரேயடியாகத் தோற்கடித்துவிடுவது என்று அக்கா இரண்டு மூடி ஊற்றினாள். தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு குப்பியைக் குலுக்கினாள். ரோஸ் ஒரு தடவை பளிச்சென்று எட்டிப்பார்த்தது. உடனே காணாமல் போய்விட்டது. குப்பியில் வெறும் தண்ணீர். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. “மருந்து பத்தல” என்று இன்னொரு மூடி ஊற்றினாள். மறுபடியும் வெறும் தண்ணீர். டீச்சர் நாகரிகமாக இருமினாள்.

மறுநாள் காலையில் பெரியவரால் எழுந்திருக்க முடியவில்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கண் உள்ளே போய்விட்டது; கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அக்கா ஒரு சத்தமும் போடாமல் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு டிரம் பக்கம் போனாள்.

“அது வேணாம்மா.”

பெரியவர் ‘வேணாம்’ என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“டிப்போவுல டயர் ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு. தினமும் அங்கதான் வயிறு முட்டக் குடிச்சுட்டு வருவேன். நம்ம வீட்டுத் தண்ணி... வாயில வைக்க முடியலம்மா.”

“அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“தெருவே பாராட்டுது உன்னை. நான் சொன்னா நீ சங்கடப்படுவே.”

நான் குழந்தைக்கென்று கொதிக்கவைத்து ஆறவைத்திருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதில் கரைத்து, ஆட்டோ வரும்வரை அக்கா விடாமல் புகட்டினாள். ஏறின பிறகும் புகட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். “என் சங்கடத்தைப் பார்த்து உயிரை விடுவீங்களா? குடிங்க! முழுங்குங்க! வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு!” அவ்வளவு பயத்திலும் அந்த மனிதர் தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற ஏற முகத்துக்கு உயிர் வந்தது. தகவல் கேட்டு வந்த சுகாதார நிலையத்து நர்ஸிடம் அக்கா நிறம் போன குப்பிக் கதையைச் சொன்னாள். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, மருந்து ரொம்ப அதிகமானா அந்த நிறத்தையே வெளுத்துடும். நீங்க அதுக்கு மேலயும் ஊத்தியிருக்கீங்க! குடிக்க முடியாத தண்ணி எவ்வளவு சுத்தமா இருந்து என்ன?” அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று டீச்சர் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. டீச்சர் படித்ததாகத் தெரியவில்லை.

அக்கா நேரே டிப்போவுக்குப் போனாள். அந்தக் குழாயை இஞ்ச் டேப்பால் இறுக்கிக் கட்டிவிட்டு, வாயில் குண்டூசி இல்லாமல் பேசினாள். டிரைவர்கள் பஸ்ஸுக்குள் ஏறி ஒளிந்துகொண்டதாகக் கேள்வி. அன்று சாயங்காலமே அங்கே மூடியும் குழாயும் வைத்த ஒரு டிரம் வந்துவிட்டது.

பெரியவர் வீடு திரும்பினதும் அக்கா அவர் கழுத்தில் விசிலை மாட்டினாள். “வாயால சொல்லத்தான் உங்களுக்கு வராது. இதாவது வருமில்ல?” சட்டம் இதுதான்: நர்ஸ் சொன்ன அளவு சொட்டு, அரைமணி, அட்டையில் இளம் ரோஸ், கடைசியாகப் பெரியவர் ஒரு வாய். இரண்டு விசில் கேட்டால் குடிக்கலாம்.

முதல் நாள் தெருவே வாசலில் கூடிவிட்டது. அக்கா எண்ணிச் சொட்டு விட்டாள். எதிரே டீச்சர் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள், அடர்த்தியான ரோஸ். அக்கா பார்த்தாள். புட்டி மெல்ல மறுபடியும் சாய்ந்தது.

உள்ளேயிருந்து ஒரே ஒரு விசில். காது கிழிந்தது.

அக்கா அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து, அந்த ஒரு ‘வேணாம்’ தவிர, இந்த மனிதர் அவளை நிறுத்தியதே இல்லை. அக்கா புட்டியை நிமிர்த்தி மூடியைத் திருகினாள்.

“சரிங்க” என்றாள்.

அரைமணி கழித்து இரண்டு விசில் கேட்டது.

“விசில் அக்கா, எங்க வீட்டுத் தண்ணிக்கும் மாமாவை அனுப்புங்க!” என்று டீச்சர் கத்தினாள்.

“அனுப்ப மாட்டேன்” என்றாள் அக்கா. “எனக்கு வேணும்.”